வெட்டுக்காசு வீடு

எங்க ஊர்ல எங்க வீட்டுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு. வெட்டுக்காசு வீடு. திருவையாறு பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு வாய்க்கால் மதகைத் தாண்டி வயல் வரப்போட நடந்தா வர்ற சின்ன ஊர். யாரைக் கேட்டாலும் "வெட்டுக்காசு வீடா, அந்தப் புளியமரத்துக்கிட்ட" என்று கை காட்டுவார்கள். சின்ன வயசுல நான் இதை ஏதோ பணக்காரப் பட்டம் என்று நினைச்சு, பள்ளிக்கூடத்துல பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். :)

விஷயம் அது இல்லை. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

என் கொள்ளுத்தாத்தா ஒரு மிராசுதார் வீட்டுல பண்ணையாள். பண்ணையாளுக்குக் கூலி நெல்லுதான். மரக்கால்ல அளந்து போடுவாங்க. காசைக் கண்ணால பார்க்கிறதே பொங்கல், தீபாவளின்னு வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை. 1930களில் ஒரு பொங்கலுக்குப் பண்ணை வீட்டுல அவருக்கு ஒரு காலணா குடுத்திருக்காங்க. அதை எடுத்துக்கிட்டு வெத்தலை பாக்கு வாங்கக் கடைக்குப் போயிருக்கார். கடைக்காரர் காசைப் பார்த்தார். ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு பிறை அளவுக்குக் காணோம். "காச வெட்டி எடுத்துட்டு எங்கிட்டயே கொண்டாந்து தள்ளுறியா?" என்று கேட்டதோட நிக்காம, பண்ணை வீட்டுக்கும் ஆள் அனுப்பிட்டார். அங்கே "நாங்க முழுக்காசுதான் குடுத்தோம்" என்று சொல்லிட்டாங்க. அவ்வளவுதான். அடி விழுந்துச்சு. ரெண்டு நாள் கூலி நெல்லும் போச்சு. ஊர் ஒரு பேரும் வச்சுடுச்சு.

அந்தக் காசை யாரும் வாங்கலை. அவரும் தூக்கிப் போடலை. சாகிற வரைக்கும் ஒரு தகர டப்பாவுல வச்சிருந்து, "நான் வெட்டல"னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். இப்ப அந்த டப்பா என் அப்பாயிகிட்ட இருக்கு. கொடுமை என்னன்னா, எங்க வீட்டுலயே பாதிப் பேர் அதை நம்பலை. என் தாத்தாவே "அப்பாரு இளவட்டத்துல சேட்டைக்காரருதான்"னு சிரிச்சதை நான் கேட்டிருக்கேன்.

எனக்கு நாணயம் சேர்க்கிற கிறுக்கு காலேஜ் நாள்லேர்ந்து உண்டு. ஆனா இந்தக் காசை ஒழுங்கா எடுத்துப் பார்க்கணும்னு தோணினது போன வருஷம்தான். காரணம், நானே ஒரு இடத்துல ஏமாந்தது. தஞ்சாவூர்ல ஒரு கண்காட்சியில் 1990களின் எவர்சில்வர் ஒரு ரூபாய், ஓரத்துல பிறை வடிவத்துல ஒரு கடி. "மிண்ட் எரர் சார், கிளிப்டு பிளான்செட், அபூர்வம்" என்றார் விற்றவர். அறுநூறு ரூபாய்! வாங்கிட்டு வந்து லென்ஸ் வச்சுப் பார்த்தா, கடி விழுந்த வாயில் வரி வரியா அரம் போட்ட தடம். யாரோ உட்கார்ந்து பொறுமையா அறுத்திருக்காங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம படிச்சுக்கிட்டிருந்தப்பதான் உறைச்சது. நான் கேட்கிற கேள்வியும் அந்தக் கடைக்காரர் கொள்ளுத்தாத்தாவைக் கேட்ட கேள்வியும் ஒண்ணுதான். இது பிறவிக் குறையா, பிற்பாடு வெட்டினதா?

பிறவிக் குறை எப்படி வருதுன்னு முதல்ல பார்த்துடலாம். அம்மா பூரிக்கு மாவைப் பெரிய வட்டமா தேய்ச்சு, ஒரு டப்பா மூடியால சின்னச் சின்ன வட்டமா வெட்டுறதைப் பார்த்திருப்பீங்க. அவசரத்துல மூடியை ஏற்கெனவே வெட்டின ஓட்டை மேல கொஞ்சம் ஏறுகிற மாதிரி வச்சு அமுக்கினா என்ன ஆகும்? ஓரத்துல பிறையா ஒரு துண்டு இல்லாத பூரி வரும். நாணயச் சாலையிலயும் இதே கதைதான். நீளமான தகட்டுப் பட்டை நகர்ந்து வரும், மேலேர்ந்து வெட்டுற அச்சு இறங்கி வில்லை வில்லையா வெட்டும். பட்டை சரியா நகராம போனா, அடுத்த வெட்டு பழைய ஓட்டை மேல ஏறிடும். பட்டையோட முனையில விழுந்தா பிறைக்குப் பதில் நேர்க்கோடா ஒரு குறை வரும். ஆக, குறை விழுறது வில்லையில. அதுக்கு அப்புறம்தான் ராஜா தலையும் எழுத்தும் விழுது. இந்த வரிசையை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மீதி எல்லாம் இதுலேர்ந்துதான் வரும்.

ஆனா இந்தக் கேள்விக்கே ஒரு வயசு இருக்கு. நம்ம டெல்டாவுல அது ரொம்பப் பழைய கேள்வி இல்லை.

ராஜராஜன் காலத்துச் செப்புக்காசு பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் நிக்கிற உருவம், இன்னொரு பக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்துல நாகரி எழுத்துல ராஜராஜன் பேர். இதே மாதிரியை இலங்கை ராஜாக்கள் பிற்பாடு அப்படியே எடுத்துக்கிட்டாங்க. இதுல கச்சிதமான வட்டமா ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். கையால செஞ்ச வில்லையை அச்சு மேல வச்சு, மேலே இன்னொரு அச்சை வச்சு, சுத்தியலால ஒரே போடு. ஓரம் வெடிச்சிருக்கும், உருவம் ஒரு பக்கமா தள்ளிப் போயிருக்கும், தலை பாதி வெளியே நிக்கும். அதுல "எரர்"னு எதைச் சொல்றது? எல்லாமே எரர்தான்!

அந்தக் காலத்துல வடிவத்தை யாரும் பெருசா மதிக்கலை. எடையையும் மாற்றையும்தான் பார்த்தாங்க. காசைச் சோதிக்கிறவருக்கு வண்ணக்கன் என்று ஒரு பேரே இருந்தது. சங்கப் புலவர்கள் சிலர் பேருக்கு முன்னாலகூட அந்த வார்த்தை வரும். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் குடுத்த நகைகளுக்குக் கழஞ்சு, மஞ்சாடி என்று கணக்கு எழுதியிருக்கிறதைப் பாருங்க. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கே ஆடவல்லான் என்று சாமி பேர். நிறுக்கிற கல் சரியா இருக்கணும் என்பதில் அவ்வளவு கவனம். நகை வடிவமா இருக்கா என்பது அப்புறம்.

தரங்கம்பாடி டேனிஷ்காரங்க கதையும் அதேதான். 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினாங்க. 1845இல் இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் ராஜாவோட முத்திரை எழுத்தைப் போட்டு அங்கே காசு ஓடிச்சு. ஆரம்பத்துல ஈயக்காசு, அப்புறம் செப்பு. அந்தப் பக்கம் போனப்ப ஒருத்தர் கடற்கரை மணல்ல பொறுக்கினதுன்னு ஒரு பிடி காசைக் காட்டினார். ஐரோப்பாக்காரன் காசாச்சே, அழகா இருக்கும்னு பார்த்தா, நம்ம சோழக்காசுக்குத் தம்பிதான். கோணல் மாணல்.

வெட்டுறதுங்கிற குற்றம் அப்பவும் உண்டு. ஆனா அது தங்கத்துலயும் வெள்ளியிலயும்தான். பத்துக் காசுல ஓரம் சுரண்டினா ஒரு காசு எடைக்கு வெள்ளி சேரும். இங்கிலாந்துல இது பெரிய வியாதியாவே இருந்தது. மரண தண்டனை குடுத்தும் நிக்கலை. 1696இல் பழைய வெள்ளிக்காசை எல்லாம் திரும்ப வாங்கி உருக்கிப் புதுசா அடிச்சாங்க. அந்த வருஷம்தான் ஐசக் நியூட்டன் நாணயச் சாலை வேலைக்கு வந்து சேர்ந்தார். காசோட பக்கவாட்டுல வரி வரியா பல் போடுறதே இந்தச் சுரண்டலைக் காட்டிக் குடுக்கத்தான். இந்தப் பல்லைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

டெல்டாவுக்கு மெஷின் காசு வந்தது கும்பினியோட. 1799இல் சரபோஜி மன்னர் நாட்டைக் கும்பினிகிட்ட எழுதிக் குடுத்தார். 1803இல் பர்மிங்ஹாம்கிட்ட சோகோ என்ற இடத்துல மேத்யூ போல்டன் நடத்தின நாணயச் சாலையில, நீராவி மெஷின்ல அடிச்ச பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்கள் சென்னை மாகாணத்துக்குன்னே கிளம்பி வந்தது. ஒரு பக்கம் சிங்கச் சின்னம், இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து. எல்லாம் ஒரே வட்டம், ஒரே எடை. (1808 தேதி போட்ட சரக்கு ஒண்ணு 1809 ஜனவரியில அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பலோட இங்கிலாந்துக் கரையிலேயே, குட்வின் மணல்திட்டுல முழுகிடுச்சு. 1980களில் அதை வெளியே எடுத்தாங்க. நம்ம ஊர் வெத்தலைக் கடைக்கு வர வேண்டிய காசு இன்னிக்கு உலகம் பூரா ஏலத்துல ஓடுது!) 1807இல் சென்னையிலயே மெஷின் வச்சாங்க. சென்னையில தங்கசாலைத் தெரு என்ற பேர் நாணயச் சாலை இருந்ததால வந்ததுதான். அந்தச் சாலையை 1869இல் மூடிட்டாங்க.

இங்கேதான் என் கொள்ளுத்தாத்தா மாட்டிக்கிட்டார்னு நினைக்கிறேன். எல்லாக் காசும் கோணலா இருந்த ஊர்ல ஒரு கோணல் காசை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. எல்லாக் காசும் வட்டமா வர ஆரம்பிச்ச பிறகு, வட்டமில்லாத காசுன்னா யாரோ கைவச்சிருக்கான் என்றுதான் அர்த்தம். மெஷின் தப்பு பண்ணும்னு யாருக்கும் தோணலை. மெஷினுக்கும் பண்ணையாளுக்கும் நடுவுல யார் மேல சந்தேகம் வரும்? சட்டமும் அந்தப் பக்கம்தான். 1860இல் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துல காசோட எடையை மோசடியா குறைக்கிறதுக்குன்னே 246, 247 என்று ரெண்டு பிரிவு. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை. நல்லவேளை, விஷயம் போலீஸ் வரைக்கும் போகலை.

சரி, காசுக்கு வருவோம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அப்பாயிகிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்.

ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 1930ஆம் வருஷத்துக் காலணா. ஒரு ரூபாய்க்கு 64 காலணா என்ற கணக்குல வர்ற காசு. வெண்கலம். புதுசா இருந்தப்ப 25.4 மில்லிமீட்டர் குறுக்களவு, 4.86 கிராம் எடை. (நம்ம எவர்சில்வர் ஒரு ரூபாய் 4.85 கிராம்! என்ன பொருத்தமோ.) மன்னர் தலைக்கு வலது பக்கம், எம்பரர் என்ற சொல்லுல கடி விழுந்திருக்கு. ஆழம் சுமார் நாலு மில்லிமீட்டர்.

முதல்ல எடை. பழக்கதோஷம், பைதான்ல நாலு வரி எழுதினேன். ரெண்டு சம வட்டம் நாலு மில்லிமீட்டர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா பரப்புல சுமார் 7.3 சதவீதம் போகும். அப்படின்னா 4.50 கிராம் இருக்கணும். நகைக்கடைத் தராசுல 4.41 காட்டிச்சு. மீதி தேய்மானம். "ஆஹா, பொருந்துது!"னு குதிச்சுட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு என் தலையில நானே குட்டிக்கிட்டேன். ராஜா தலை விழுறதுக்கு முன்னால போனாலும் பின்னால போனாலும் போற உலோகம் ஒண்ணுதானே! வண்ணக்கன் காலத்துலேர்ந்து தராசுதான் தீர்ப்பு சொல்லிச்சு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தராசு ஊமை.

அடுத்து வளைவு. காசை ஸ்கேன் பண்ணி, கடியோட ஓரத்துல புள்ளிகள் வச்சு அதுக்குப் பொருந்துற வட்டத்தைக் கண்டுபிடிச்சேன். ஆரம் 12.9 மில்லிமீட்டர். காசோட ஆரம் 12.7. வில்லையை வெட்டுறப்ப காசை விட ஒரு துளி பெருசாத்தான் வெட்டுவாங்க, ஏன்னா அப்புறம் விளிம்பைச் சுத்தி நெருக்கி எழுப்பணும். அதனால இந்தச் சின்ன வித்தியாசம் இருக்கவேண்டிய திசையிலதான் இருக்கு. உளியால வெட்டினா நேரா போகும். வட்ட அரம் போட்டா வளைவு இதைவிடச் சின்னதா இருக்கும். காசு அளவுக்கே வட்டமான ஒரு வெட்டுக்கருவி 1930களில் ஒரு பண்ணையாள் குடிசையில எங்கேர்ந்து வரும்? ஆனா இதுவும் முழுச் சாட்சி இல்லை. கண்காட்சியில நான் ஏமாந்த ஒரு ரூபாயோட வளைவும் பார்வைக்கு ஒழுங்காத்தான் இருந்தது.

நிஜமான சாட்சி எழுத்துல இருக்கு. அச்சு அமுக்குறப்ப உலோகம் பிசைஞ்ச மாவு மாதிரி நகரும். சுத்தி ஒரு வளையம் இருக்கிறதால அது வெளியே போக முடியாம அச்சோட பள்ளத்துக்குள்ள ஏறி எழுத்தா நிக்கும். கடி விழுந்த இடத்துல மட்டும் வளையத்துக்கும் உலோகத்துக்கும் நடுவுல காலி இடம். அங்கே உலோகம் மேலே ஏறாம காலியைப் பார்த்து வழியும். அதனால பக்கத்துல இருக்கிற எழுத்து மழுங்கி, கடியைப் பார்த்து லேசா இழுபட்டிருக்கும். விளிம்பும் கடிகிட்ட வர வர மெலிஞ்சு கரையும். பிற்பாடு வெட்டின காசுல எழுத்து கத்தி வச்ச மாதிரி டக்குனு நிக்கும், மீதிப் பாதி முழு உயரத்துல கம்பீரமா இருக்கும். என் அறுநூறு ரூபாய் ஏமாளிக்காசு அப்படித்தான் இருக்கு.

காலணாவைப் பத்து மடங்கு லென்ஸுக்குக் கீழே வச்சேன். கடிக்குப் பக்கத்து எழுத்தோட கால் கடியைப் பார்த்துச் சாய்ஞ்சு இழுபட்டிருக்கு. ஓரத்துப் பல்வரிசை கடியை நெருங்க நெருங்கத் தட்டையாகிக் காணாமப் போகுது. திருப்பினா பூவேலைப் பக்கத்துலயும் அதே இடத்துல அதே கதை.

கடைசியா ஒண்ணு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிளேக்ஸ்லி என்ற நாணய ஆர்வலர் பேரால சொல்ற அடையாளம். வில்லையோட விளிம்பை எழுப்ப அதை ஒரு குறுகலான சந்துல உருட்டி விடுவாங்க. ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல கொழுக்கட்டை மாவை உருட்டுற மாதிரி. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நெருக்கினாத்தான் விளிம்பு எழும்பும். ஒரு பக்கம் கடி வர்றப்ப அங்கே பிடிமானம் இல்லை, அதனால நேர் எதிர்ப் பக்கத்துக்கும் நெருக்கல் கிடைக்காது. ஆக, கடிக்கு நேர் எதிரே விளிம்பு சோர்ந்து போயிருக்கும். அறுக்கிறவன் கடி விழுற இடத்துல என்ன வேணா கைவேலை காட்டலாம். எதிர்ப் பக்கத்தைப் பத்தி அவனுக்கு நினைப்பே வராது. எல்லாப் பிறவிக் குறைக்காசுலயும் இது தெரியும்னு சொல்ல முடியாது, சின்னக் கடின்னா தெரியாமலும் போகலாம். தேய்ஞ்ச காசுல விளிம்பு தானாவும் மழுங்கியிருக்கும். அதனால இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லக் கூடாது.

நான் இடது பக்கம், ஜார்ஜ் என்ற பேருக்கு வெளியே இருக்கிற விளிம்பைப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் விளிம்பு தொட்டா தட்டுப்படுது. கடிக்கு நேர் எதிரே மட்டும், ஒரு கொத்தமல்லி விதை அகலத்துக்கு, வழவழன்னு இறங்கிப் போயிருக்கு. தேய்மானம்னா அந்த ஒரே இடத்துல, அளந்து வச்ச மாதிரி நேர் எதிர்லயா தேயும்?

ஞாபகம் வச்சுக்கச் சொன்ன பல்லு? அந்தக் காலத்து ரூபாய்க்குப் பக்கவாட்டுல பல் உண்டு. வெள்ளியாச்சே. காலணாவுக்குக் கிடையாது, வழவழப்பு. காலணாவை ஒருத்தனும் சுரண்ட மாட்டான்னு சர்க்காருக்கே தெரியும். கடியில போன வெண்கலம் 0.36 கிராம். அதை வித்து ஒரு கொட்டைப் பாக்கு வாங்க முடியுமா? வாங்கின கூலியைச் செல்லாக்காசா ஆக்கிக்கிறதுக்கு எவனாவது உட்கார்ந்து வெட்டுவானா? இதைக் கேட்க அன்னிக்கு லென்ஸ் தேவைப்பட்டிருக்காது. யாரும் கேட்கலை.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். பண்ணை வீட்டுல தெரிஞ்சே கடிபட்ட காசைத் தள்ளி விட்டாங்களா, பார்க்காம குடுத்தாங்களான்னு காசு சொல்லாது. அதை நான் யார் மேலயும் ஏத்தலை. காசு சொல்றது இவ்வளவுதான். 1930இல் நாணயச் சாலையை விட்டு வெளியே வர்றப்பவே அதுக்கு அந்தக் கடி இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். லேப்டாப்ல படத்தை எல்லாம் பெருசாக்கி, பூரி, கொழுக்கட்டை உதாரணம் எல்லாம் சொல்லி, அரை மணி நேரம் அப்பாயிக்கு விளக்கினேன். அப்பாவும் சித்தப்பாவும் பின்னால நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. சித்தப்பா காசை வாங்கி, இடது பக்கத்து விளிம்பைக் கட்டைவிரலால ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தார்.

அப்பாயி எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதைத்தானே எங்க மாமனாரு சாவுற வரைக்கும் சொன்னாரு" என்றார். அப்புறம் கையை நீட்டிக் காசை வாங்கித் தகர டப்பாவுல போட்டு மூடிட்டு, "வெளக்கு வைக்கிற நேரமாச்சு, எந்திரிங்க" என்றார்.